என் பாத்ரூமில் யாரும் விழவில்லை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஜூலை 16, புதன்கிழமை

அன்புள்ள மகன் இளவரசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் முழு நலம், உன் அப்பா ஒரு கை குறைய நலம். நீ நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். தோஹாவில் வெயில் கொளுத்துவதாக டிவியில் சொன்னார்கள், மோர் கிடைத்தால் குடி, கிடைக்காவிட்டால் தயிரைக் கரைத்துக்கொள். கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு மஞ்சள் கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்புகிறாய். உன் அப்பாவால் ஒரு மாதமாக நிமிர்த்த முடியாதது அந்த விரலைத்தான். அதையே படமாக அனுப்புகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. நம் தெரு ஆரோக்கியராஜ் வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படி, ஊறுகாயை அப்புறம் திற.

நீ அரைகுறையாகக் கேட்டதையும் கேட்காமல் விட்டதையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். உன் அப்பா சிப்காட்டில் அந்தக் கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பலகை இருக்கிறதே, விபத்து இல்லாத நாட்கள் என்று எழுதி அதற்குக் கீழே கொக்கியில் தகர எண்கள் தொங்குமே, தினமும் காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி அந்த எண்ணை மாற்றுவது அவர்தான். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக இழுத்துப்போட்டுக்கொண்டது. தீபாவளிக்கு லீவு போட்டாலும் வாட்ச்மேனுக்கு போன் போட்டு, மாத்திட்டியா, நேரா தொங்குதா என்று கேட்பார். எனக்குப் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் யோசிப்பார், பலகையில் எத்தனை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஜூன் பதினாறு திங்கட்கிழமை 742 என்பதை 743 ஆக்க ஏறினார். ஸ்டூலில் ஒரு கால் விரிசல் விட்டிருக்கிறது, ஏணி வேண்டும் என்று மூன்று தரம் சேஃப்டி டிபார்ட்மெண்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று தரமும் பார்க்கிறோம் என்றார்களாம். அவர்கள் பார்ப்பதற்குள் ஸ்டூல் பார்த்துவிட்டது. இன்றைக்கு விபத்து இல்லை என்று மாட்டப் போன மனிதர் கையில் அந்த 3 தகரத்தோடு தொப்பென்று விழுந்து வலது மணிக்கட்டை ஊன்றினார். ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், நானே முதலில் சிரித்துவிட்டுத்தான் அழுதேன். விழுந்தவர் எழுந்து நின்று என்ன செய்தார் தெரியுமா, வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்த 3-ஐ மாட்டச் சொல்லிவிட்டுத்தான் முதலுதவிக்கே நடந்திருக்கிறார்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றால்தான் அது விபத்து. கையோ காலோ முறிந்தாலும் ஆளைத் தூக்கிவந்து ஒரு நாற்காலியில் வைத்து அட்டெண்டன்ஸ் போட்டுவிட்டால் விபத்தே நடக்கவில்லை, எண் பாட்டுக்கு ஏறும். மாசி மாதம் ஆயிரம் தொடப்போகிறதாம், அன்றைக்குப் பந்தல், பிரியாணி, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். அதற்காக சேஃப்டி மேனேஜர் கார்த்திகேசன் தன் காரிலேயே உன் அப்பாவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை வெறும் சுளுக்கு என்று துணிக்கட்டுப் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தினமும் ஐந்தரைக்குப் பொலிரோ வண்டி வாசலில் வந்து நிற்கிறது. எங்கள் கல்யாணத்துக்குக்கூட உன் அப்பாவை இப்படி யாரும் வந்து அழைத்துக்கொண்டு போகவில்லை. அங்கே போய் மூன்று வாரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்றுதானே நினைக்கிறாய். சும்மா உட்கார அவருக்கு எங்கே தெரியும். பக்கத்தில் இருந்த பையன் லாரி நம்பரைக் கோழி கிளறினது போல எழுதுகிறானாம், அதைக் காணச் சகிக்காமல் ரிஜிஸ்தரைப் பிடுங்கி அந்தக் கட்டுப்போட்ட கையாலேயே எழுதியிருக்கிறார். சாயங்காலம் வந்தால் சட்டைப் பித்தானைக் கழற்ற முடியாது, சோற்றைப் பிசைய முடியாது, குழாயைத் திருக முடியாது. எல்லாம் நான். வலிக்கிறதா என்று கேட்டால், வலி ஜாஸ்தி இல்ல, இன்னிக்கு 751 என்பார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. விழுந்த மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவின் கையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, நேராகப் போய் என் பாத்ரூமை எட்டிப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு ஞானாம்பாள் கதவைத் தள்ளித் திறந்து தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, வழுக்கத்தான் செய்யிது அமிர்தம், சோடா உப்பு போட்டுத் தேய்க்கிறதில்லையா என்று கேட்கிறாள். என்னிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் பிரஷ் போட்டுத் தேய்த்து, தேய்த்து, என் முட்டிதான் போனதே தவிர, இருபது வருஷத்தில் அந்தத் தரையில் ஒரு பல்லிகூட வழுக்கினதில்லை. எல்லாரும் ஏன் பாத்ரூமையே பார்க்கிறார்கள் என்று அப்பாவைக் கேட்டால் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், அதுவும் தலைகீழாக. அப்புறம்தான் மெல்ல வந்தது. வீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் அடிபட்டது, கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே ஒரு தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், அவர்களில் பாதிப் பேர் இந்த மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறார்கள். கூரியரில் உன் பெயரில் ஒரு பார்சல் வந்தது அந்த வாரம்தான். பிரித்தால் வழுக்காத ரப்பர் மேட், பாத்ரூமுக்குப் போடுவது. என் பிள்ளை ஏமாந்துவிட்டான், அவனும் இந்தக் கதையை நம்பிவிட்டான் பார் என்று உனக்காக நான் வருத்தப்பட்டேன். நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

கிள்ளையிலிருந்து உன் மாமா சின்னையன் வந்தபோதுதான் விடிவு வந்தது. பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறவன், கை நோவு தெரிந்தவன். வந்தவர்களில் பாத்ரூமை எட்டிப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். அப்பாவின் கையை மடியில் வைத்துக் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு குழியில் லேசாக அழுத்தினான், அப்பா வீடே அதிரக் கத்தினார். அப்பாவைப் பார்த்து, மாமா, சுளுக்குன்னா மூணு வாரத்துல இறங்கியிருக்கும், இது வேற என்னமோ, நாளைக்கே சிதம்பரம் போறோம் என்று சொல்லிவிட்டான். ஆனித் திருமஞ்சனக் கூட்டம் அப்போதுதான் வடிந்திருந்தது, சனிக்கிழமை அவர் வேலை விட்டு வந்ததும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் போனோம். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடம் தாண்டினதும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, டாக்டர் கேட்டா பாத்ரூம்னே சொல்லிடட்டுமா என்று என்னைக் கேட்டார். அந்தப் பொய் யாருடைய மூளையில் உதித்தது, அந்தக் கார்த்திகேசன்தானே என்று கேட்டேன். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, இளவரசுதான் சொன்னான் என்றார். விழுந்த அன்றைக்கே உனக்கு போன் பண்ணி நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். நீதான், இங்கல்லாம் அப்படித்தான்பா, வீட்ல உழுந்ததா எழுதிக் குடுத்துட்டு லைட் டியூட்டி பாருங்க, ரிப்போர்ட் ஆனா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு, எல்லாரோட பரிசும் ஒங்களால போச்சும்பாங்க என்று வழி சொல்லியிருக்கிறாய். எந்த அறையில் விழுந்ததாக எழுதட்டும் என்று அவர் கேட்டாராம், பாத்ரூம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க என்றாயாம். அதற்குப் பிறகு மேட் வேறு அனுப்பியிருக்கிறாய். பொய்க்கு ரசீது மாதிரி. அந்த பஸ்ஸில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் அப்புறம்தான் வந்தது, முதலில் வெட்கமாக இருந்தது.

டாக்டர் தேவசகாயம் தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறார், வயதானவர், அதிகம் பேசமாட்டார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன். கம்பெனியில ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன் சார் என்று காற்றுப்போன குரலில் சொன்னார். டாக்டர் அதைத் தேதி போட்டு அப்படியே எழுதிக்கொண்டார். புதிதாக எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டைவிரலுக்கு அடியில் முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு சின்ன எலும்பு, அதன் இடுப்பில் ஒரு கோடு. முதல் நாள் எக்ஸ்ரேவில் இது சில சமயம் தெரியாதாம், அதனால் சந்தேகம் இருந்தாலே மாவுக்கட்டுப் போட்டு ஆளை வீட்டில் உட்கார வைத்து, பத்து நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்களாம். இந்த எலும்புக்கு ரத்தம் போகிற பாதை குறுகலாம், ஆட்டி ஆட்டி வைத்தால் கூடாமலே செத்துப்போகுமாம். அன்னிக்கே கட்டுப் போட்டு ரெஸ்ட்ல இருந்திருந்தா ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிருப்பீங்க, இப்ப கோடு விலகியிருக்கு, மூணு மாசம் பாப்போம், கூடலன்னா ஆப்பரேஷன், அதுக்கப்புறமும் பேனா புடிக்கிறது முன்ன மாதிரி வராது என்றார். ஒரு நாள்கூட லீவு ஆகக்கூடாது என்று பொலிரோவில் ஏற்றிப்போய் உட்கார வைத்தார்களே, அந்தப் புத்திசாலித்தனத்துக்கு விலை இதுதான். கம்பெனியில் அடிபட்டது என்று பதிவாகியிருந்தால் கை கூடுகிறவரைக்கும் சம்பளத்தோடு லீவு. வீட்டுப் பாத்ரூமில் என்றால் அவர் கணக்கில் மிச்சமிருக்கும் பதினொரு நாள்தான், அது முடிந்ததும் எழுத முடியாத கையோடு டைம் ஆபீசுக்கு லாயக்கில்லை என்று கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள், குற்றம் என் தரையின் மேல். திரும்பி வரும்போது மாவுக்கட்டைத் தொட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் பொலிரோ வந்தது. அப்பா ஏறினார், பின்னாலேயே நானும் ஏறினேன், கையில் நீ அனுப்பின ரப்பர் மேட்டைச் சுருட்டி வைத்திருந்தேன். டிரைவர் என்னையும் மேட்டையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான். கேட்டில் ஷிப்ட் மாறுகிற கூட்டம். பலகையில் 764. கார்த்திகேசன் ஓடிவந்து, அம்மா, ஐயா சும்மா வந்து ஒக்காந்தா போதும், நாங்க தங்கமா பாத்துக்குறோம் என்றார். ஒக்கார ஆளுதான வேணும், நான் ஒக்கார்றேன், எனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு என்று சொல்லி டாக்டர் எழுதின தாளை நீட்டினேன். என் பாத்ரூம்ல யாரும் உழுவல, உழுந்த எடம் இதுதான் என்று அந்தப் பலகைக்குக் கீழே மேட்டை விரித்தேன். சிலர் சிரித்தார்கள். அவர் என்னை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எழுநூத்தி அறுவத்தி நாலு நாள் நீங்க எல்லாரும் சேர்ந்து சேத்தது, ஒருத்தருக்காக அத்தனையும் போவணுமா, நீங்களே சொல்லுங்க என்று கேட்டார்.  ஹாட்பாக்ஸ் எல்லார் கண் முன்னாலும் வந்து நிற்கிறது போல இருந்தது. உன் அப்பா தலையைத் தொங்கப்போட்டார், இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது பேக்கிங் செக்ஷனில் காண்ட்ராக்டில் வேலை செய்கிற லோகநாயகி என்கிற பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அப்பாவைப் பார்த்து, அண்ணே, போன ஆவணியில மூட்ட சரிஞ்சு என் மணிக்கட்டு மடங்கிச்சே, நாப்பது நாளு ஊட்ல கெடந்தேன், அடிபட்ட மறுநாளு காலைல கட்டோட இந்தக் கேட்டாண்ட வந்து நின்னேன், நீங்க ஸ்டூல்ல ஏறி நம்பர ஏத்தி மாட்டிட்டு எறங்குனீங்க, காண்ட்ராக்ட் ஆளு அதுல வராதுன்னு சொன்னீங்க என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. நான்தான் வரல, நீங்க வருவீங்கல்ல, நீங்களாவது எழுதிக் குடுங்கண்ணே என்று சொல்லி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அது இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. அத்தனை பேரையும் திட்டித் தீர்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டு போனவள் நான், அந்த மூச்சு எனக்கு அப்படியே அடங்கிப்போயிற்று. திட்ட வேண்டிய ஆள் என் வீட்டிலும் ஒருவர் இருந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. இடது கையை வலது பக்கப் பைக்குள் சிரமப்பட்டு விட்டுச் சாவியை எடுத்து, டைம் ஆபீஸ் டிராயரைத் திறந்து ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தார். ஆயிரத்துக்காகத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து வைத்திருந்த மூன்று சைபர்கள். தன்னை மூன்று வாரம் உட்கார வைத்த அந்த நாற்காலியை இழுத்துவரச் சொல்லி மேட்டின் மேல் போட்டார். லோகநாயகி ஏறினாள், நான் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அவர் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். 764 இறங்கி மூன்று சைபரும் ஏறின. நேரா தொங்குதா என்று அப்போதும் கேட்டார்.

அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள், லீவும் கொடுத்தார்கள், வேறு வழியில்லை, டாக்டர் தாளை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு மெமோ வந்தது, பாத்ரூமில் விழுந்ததாகப் பொய்யாக எழுதிக் கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. எழுதச் சொன்னவர்களே கேட்கிறார்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது. அப்பா சொல்லச் சொல்ல நான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், லோகநாயகியின் தேதியையும் அதில் சேர்க்கச் சொல்கிறார், வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஹாட்பாக்ஸ் போச்சு என்று இரண்டு பேர் அவரோடு பேசுவதில்லை. புது அலுமினிய ஏணி ஒன்று வந்துவிட்டதாம், மூன்று கடிதத்துக்கு வராதது ஒரு எலும்புக்கு வந்துவிட்டது. ஞானாம்பாள் மட்டும் இன்னும் சோடா உப்பைப் பற்றிப் பேசுகிறாள், அவளைத் திருத்த முடியாது.

இனி உன் விஷயம். போன வருஷம் உன் கம்பெனியில் விபத்தே இல்லை என்று நீ ஷீல்டு வாங்கின போட்டோ ஷோகேசில் இருக்கிறது, பின்னால் உன் கம்பெனிப் பலகையும் அதில் நாலு இலக்க எண்ணும் தெரிகின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினவள் நான். உனக்குப் பார்த்திருக்கும் சிதம்பரத்துப் பெண் வீட்டில் பெண்ணின் அப்பா, மாப்ள என்னா வேல பாக்குறாரு, சேஃப்டின்னா என்னா என்று கேட்டபோது, ஆயிரம் பேருக்கு ஒன்னும் ஆவாம பாத்துக்குற வேல என்று மார்தட்டிச் சொன்னேன். ஆடி கழிந்ததும் திரும்ப வருகிறார்கள், இப்போது என்ன சொல்லட்டும், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுகிற வேலை என்று சொல்லட்டுமா. அப்பாவுக்கே அப்படிச் சொன்னவன் அங்கே பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் ஆபீசில் எத்தனை நாற்காலி இருக்கிறது, அதில் கட்டுப்போட்ட கையோடு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் எந்த பாத்ரூமில் விழுந்தார்கள் என்று எனக்கு எழுது. போட்டோவை இன்னும் எடுக்கவில்லை, சுவரைப் பார்க்கத் திருப்பி மட்டும் வைத்திருக்கிறேன். உன் பதில் வந்ததும் அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறேன்.

உன்மேல் கோபம் என்பதால் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை, அதுதான் என் தலையெழுத்து. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, கால் விரிசல் விட்ட ஸ்டூலில் எதற்கும் ஏறாதே, அப்படி ஏறி விழுந்தால் விழுந்த இடத்தைச் சொல். தில்லை நடராசர் உனக்கு எலும்பில் பலமும் நாக்கில் உண்மையும் கொடுக்கட்டும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே. ஆவணிக் கடைசியில் அப்பாவுக்குத் திரும்ப எக்ஸ்ரே, முடிந்தால் அதற்கு வந்து போ. தினமும் சாயங்காலம் லோகநாயகி போன் பண்ணிப் பலகையில் எத்தனை என்று அப்பாவுக்குச் சொல்கிறாள், அதைக் கேட்காமல் அவர் காப்பி குடிப்பதில்லை. கீழே இருக்கும் கோணல் எழுத்து அவர் இடது கையால் எழுதியது, நான் எழுதித்தருகிறேன் என்றால் விடவில்லை, இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
பாத்ரூமைச் சுத்தமாக வைத்திருக்கும் உன் அம்மா,
கோ. அமிர்தம்

இளவரசு, இன்று எங்கள் பலகையில் 9. லோகநாயகி மாதிரி காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. உன் பலகையில் எத்தனை?
அப்பா